சிப்பிக்குப்பத்தின் கேள்வி நாள்

தண்டையார்பேட்டையில் பஸ் ஏறும்போது ஃப்ளோராவின் கையில் ஒரு பித்தளை ஸ்டவ் இருந்தது. தோளில் தொங்கிய துணிப்பையில் ஒரு அலுமினியப் பாத்திரமும் அரைப்படி அரிசியும் இருந்தன. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஸ்டவ்வை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, ஓட்டல் வெக்கப் போறியா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ஆமா. ஸ்டவ்வுக்கும் டிக்கெட் வாங்கணுமா?"

"மடியில கீதுல்ல, கொயந்த கணக்கு. வுடு."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமாரவேல் சிரிக்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷமும் மூன்று வாரமும் ஆகியிருந்தன. அவன் எப்போது சிரிக்க மாட்டான் என்பது ஃப்ளோராவுக்கு நன்றாகத் தெரியும். சிப்பிக்குப்பம் என்ற பேர் காதில் விழுந்தால் சிரிக்க மாட்டான். இன்றைக்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள்.

"மாமா ஒத்துக்க மாட்டாரு," என்றான்.

"ஒத்துக்க வேணாம். கேட்டதுக்குப் பதில் சொன்னா போதும்."

"அப்டி இன்னாதான் கேக்கப் போற? என்கிட்ட சொல்டு."

"சொன்னா நீ திருவொற்றியூர்லயே எறங்கிடுவ."

அவன் மறுக்கவில்லை. அப்படி இறங்கிவிடக் கூடியவன்தான் என்று அவனுக்கே ஒரு சந்தேகம் இருந்தது.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே கடலை ஒட்டிக் கிடந்தது சிப்பிக்குப்பம். அங்கே முப்பது பேர் சேர்ந்து கரையில் நின்று இழுக்கும் பெரியவலை ஒன்று உண்டு. வலைக்கு இரண்டு கயிறு, தெற்குக் கயிறு, வடக்குக் கயிறு என்று. எந்தக் கயிற்றில் எத்தனையாவது ஆளாக நிற்பது என்பது அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். ஒவ்வொரு வருஷமும் மாசி பதினேழாம் தேதி சாயங்காலம் அந்த வருஷத்து ஆட்களின் பேரை ஊர்த்தலைவரான நாட்டார் சத்தமாகப் படிப்பார். தொடர்ந்து இரண்டு வருஷம் ஒருவன் பேர் படிக்கப்படவில்லை என்றால் அவன் இடம் வேறொருவனுக்குப் போய்விடும். பிறகு கேட்க முடியாது.

போன வருஷம் குமாரவேலின் பேர் படிக்கப்படவில்லை. ராயபுரத்துக் கிறிஸ்தவப் பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது அப்போது. ஊர் தன்னைத் தள்ளிவிட்டது என்று அவன் புரிந்துகொண்டான். அதோடு தண்டையார்பேட்டையில் ஒரு அறை, அதற்குப் பக்கத்திலேயே ஒரு கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. மூட்டை தூக்குவதில் அவனுக்குக் கஷ்டம் இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டி வேலை செய்யத்தான் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கின் பின்பக்கம் போய், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு வருவான். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

இன்று மறுபடியும் மாசி பதினேழு.

ஃப்ளோரா அவனை முதலில் பார்த்தது பாரிமுனையில், அவள் டைப்பிஸ்ட்டாக வேலை பார்க்கும் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில். குப்பத்து மனு ஒன்றை டைப் அடிக்கக் கொண்டுவந்திருந்தான். அடித்துக் கொடுத்தாள். கையெழுத்து எங்கே போடுவது என்று கேட்க மறுநாள் வந்தான். தேதி எங்கே போடுவது என்று கேட்க அதற்கு மறுநாள் வந்தான். நாலாவது நாள் கேட்க ஒன்றும் இல்லாததால் ஒரு வஞ்சிரம் மீனோடு வந்தான். அவள் அப்பா அருள்பிரகாசம் இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த மீனைப் பற்றிக் கேள்விப்பட்டதும் கொஞ்சம் இளகினார்.

குமாரவேலின் வீட்டில் யாரும் இளகவில்லை. அப்பா பொன்னுரங்கம் இறந்து பத்து வருஷம் ஆகிறது. அம்மா கோவிந்தம்மா மீன் விற்பவள். அவளுடைய தம்பி வரதன்தான் குப்பத்துக்கு நாட்டார். வரதனின் மகள் அம்முவைத்தான் குமாரவேலுக்கு என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அதை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று வரதன் நினைத்திருந்தார். மகன் பேர் படிக்கப்படாத நாளிலிருந்து கோவிந்தம்மா அவனோடு பேசவில்லை.

திருவொற்றியூர் வந்தது. குமாரவேல் இறங்கவில்லை. ஃப்ளோரா அவன் கையை லேசாகத் தட்டிக் கொடுத்தாள்.

*

மாசி பதினேழு கவுன்சில் ஐயாவின் பிறந்த நாள்.

ஐயாவின் பேர் ஏகாம்பரம். சிப்பிக்குப்பத்தில் ஒரு ஓலைக் குடிசையில் பிறந்து, வக்கீலுக்குப் படித்து, ஒரு சமஸ்தானத்தில் திவானாக இருந்து, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டசபையில் உறுப்பினராக உட்கார்ந்தவர். குப்பத்தில் சொல்லப்படும் கதை இதுதான். இந்தக் கரையைக் கிடங்கு கட்ட எடுத்துக்கொள்ள ஒரு யோசனை வந்தது. ஐயா சபையில் எழுந்து ஏழு கேள்வி கேட்டார். எட்டாவது கேள்விக்கு அவசியம் வரவில்லை, கரை தப்பித்தது. நடுவில் ஒரு துரை, மீன் பிடிக்கிறவர்களுக்கு இதில் கேட்க என்ன உரிமை என்று கேட்டானாம். அதற்கு ஐயா சொன்ன பதிலைச் சிப்பிக்குப்பத்துக் குழந்தைகள் பேசத் தொடங்கியதும் கற்றுக்கொள்வார்கள். "இந்தக் கரையில் உலை வைக்கிற எல்லாருக்கும் கேட்கிற உரிமை உண்டு."

அதனால் ஐயாவின் பிறந்த நாள் இங்கே கேள்வி நாள். காலையில் அவர் படத்தைக் கட்டுமரத்தில் வைத்துக் கடலில் ஒரு சுற்று சுற்றி வருவார்கள். மத்தியானம் எல்லாருக்கும் சாப்பாடு. மூன்று மணிக்குக் கரையில் சபை கூடும். பஞ்சாயத்தார் ஐந்து பேரும் மரப் பெஞ்சில் உட்கார, நடுவில் ஐயாவின் கறுப்புக் கோட்டு மாட்டிய நாற்காலி காலியாக இருக்கும். முன்கூட்டியே பேர் எழுதி நோட்டீஸ் கொடுத்தவர்கள் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். நாட்டார் எழுந்து அந்த நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். பதில் முடியும்வரை உட்காரக் கூடாது. கேட்ட கேள்வியின் மேல் வேறு யாரும் ஒரு துணைக் கேள்வி கேட்கலாம். அந்த நாற்காலியில் கை வைத்து மழுப்பியவர்கள் உண்டு. பொய் சொன்னவர் யாரும் இல்லை.

வருஷம் முழுக்க அந்தப் பேச்சு குப்பத்தின் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது தோசை கேட்கிற பிள்ளை, "துணைக் கேள்வி" என்று தட்டை நீட்டும். நேற்று எங்கே போனாய் என்று கேட்கிற பெண்டாட்டியிடம் புருஷன், "நோட்டீஸ் குடுத்தியா?" என்பான்.

இதையெல்லாம் குமாரவேல் தண்டையார்பேட்டை அறையில் ஃப்ளோராவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தான். வேறு எதைப் பற்றியும் அவன் அவ்வளவு நேரம் பேசியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டுக்கொண்டே அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள். அவனிடம் ஒன்று கேட்டாள். அவனுக்குப் பதில் தெரியவில்லை. அவளும் அதற்குமேல் விளக்கவில்லை. ஸ்டவ்வை எடுத்து, பர்னர் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

*

அவர்கள் கரைக்கு வந்தபோது சபை கூடிவிட்டது. இருநூறு பேருக்கு மேல் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கர் செட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, கேள்வி கேட்பவர்கள் பேரை அம்மு எழுதிக்கொண்டிருந்தாள். குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த பெண் அவள் ஒருத்திதான். மைக்கும் அவள் கையில் இருந்தது.

"வா யக்கா," என்றாள் ஃப்ளோராவைப் பார்த்து. "சண்ட போட வர்றவங்க சட்டி பானையோட வர்றத இப்பத்தான் பாக்கறேன்."

"பேர எழுதிக்க, அம்மு."

"எதுக்கு?"

"கேள்விக்கு."

அம்மு ஒரு முறை தன் அப்பா பக்கம் பார்த்தாள். பிறகு எழுதினாள். "ஆறாவது. கெங்கம்மா தெருக்கொழாயப் பத்திக் கேக்குது. அதுக்கப்பறம் நீ."

வரதன் பார்த்துவிட்டார். ஐம்பது வயது, தடித்த மீசை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. எழுந்து மேஜைக்கு வந்தார். அக்கா மகன் நிற்கிற பக்கம் கண்ணைத் திருப்பவில்லை.

"அந்தப் பேர அடி," என்றார் மகளிடம்.

"ஏன் அடிக்கணும், நாட்டாரே?" என்று கேட்டாள் ஃப்ளோரா. குரலில் மரியாதை இருந்தது. நடுக்கம் இல்லை.

"இந்தக் கரையில ஒல வெக்கறவங்களுக்குத்தாம்மா கேள்வி. நீ தண்டையார்பேட்டைல ஒல வெக்கற. அங்க போய்க் கேளு."

"அதுக்குத்தான் எடுத்துகினு வந்தேன்," என்று சொல்லிவிட்டு, ஃப்ளோரா மேஜைக்குப் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து ஸ்டவ்வைக் கீழே வைத்தாள்.

பின்வரிசைகளில் இருந்தவர்கள் பார்ப்பதற்காக எழுந்து நின்றார்கள். பஞ்சாயத்தாரில் ஒருவரான சின்னப்பையன், பேர்தான் சின்னப்பையன், வயது எழுபது, பெஞ்சிலிருந்தே கேட்டார்.

"நாட்டாரே, ஸ்டவ்வு அடுப்பாவுமா?"

"ஆவாது," என்றார் வரதன். "ஐயா காலத்துல ஸ்டவ்வு கெடையாது."

"மைக்கும்தான் கெடையாது," என்று அம்மு மைக்கிலேயே சொன்னாள்.

கரை முழுக்கச் சிரித்தது. வரதன் மகளைப் பார்த்த பார்வையில் வேறொரு பெண்ணாக இருந்தால் மைக்கைக் கீழே வைத்திருப்பாள்.

"சரி," என்றார் கடைசியில். "அவ பேரு வர்றதுக்குள்ள ஒல கொதிக்கட்டும். கொதிச்சா கேக்கட்டும். கொதிக்கலன்னா அந்தச் சட்டியோட பஸ் ஏறணும்."

முதல் கேள்வி ஆரம்பித்தது. ஃப்ளோரா சாப்பாட்டுக்கு வைத்திருந்த குடத்திலிருந்து பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு வந்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து பம்ப் அடித்தாள். பிற்பகல் கடல்காற்று எழும்பியிருந்தது. நீலச் சுடர் ஒரு முறை சீறிவிட்டு அணைந்தது. மறுபடி பற்றவைத்தாள். மறுபடி அணைந்தது. குமாரவேல் தோள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு மறைவாக நின்றான். துண்டு கொடிபோல் பறந்ததே தவிர ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்றாவது கேள்வி முடிந்து நாலாவது வந்தது. தீப்பெட்டியில் குச்சிகள் குறைந்துகொண்டிருந்தன. ஃப்ளோராவின் முன்நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டது. அவள் தலை நிமிரவில்லை.

மீன் விற்கும் பெண்கள் எல்லாரும் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் கோவிந்தம்மாவும் இருந்தாள். மகன் வந்ததிலிருந்து அவள் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது முறை ஸ்டவ் அணைந்தபோது அவள் எழுந்தாள். காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்து வந்தாள்.

"கடலுக்கு மூஞ்சியக் காட்டி வெச்சா எப்டி எரியும்?" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. ஃப்ளோராவின் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னா பொண்ணு வளத்துகீறாங்களோ ராயபுரத்துல."

குனிந்து, ஒரு சாண் ஆழம் மணலைத் தோண்டி ஸ்டவ்வை அதில் இறக்கி வைத்தாள். கூடையைக் கடல் பக்கமாகச் சாய்த்து நிறுத்தினாள்.

"வூட்ல இம்மாம் காத்து கெடையாது, அத்தை," என்றாள் ஃப்ளோரா.

"நான் உன்ன ஒண்ணும் கேக்கல."

"சரி, அத்தை."

கோவிந்தம்மா திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள். "அடுப்பு அணைஞ்சு அணைஞ்சு எரியறத என்னால பாக்க முடியாது, அவ்ளோதான்," என்று எரிந்து விழுந்தாள்.

இந்த முறை சுடர் நின்றது. கெங்கம்மா தெருக்குழாயில் ஏன் விடியற்காலையில் மட்டும் தண்ணீர் வருகிறது என்று கேட்டு, அதற்கு மூன்று துணைக் கேள்விகள் எழுந்து, வரதன் நாற்காலியைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தபோது அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் தளபுளவென்று கொதித்தது. ஃப்ளோரா அரிசியைக் கழுவிப் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆறாவது கேள்வி," என்றது அம்முவின் குரல். "பொன்னுரங்கம் மருமவ ஃப்ளோரா."

அந்த விதமாக அவளை அந்தக் கரையில் யாரும் இதற்கு முன் சொன்னதில்லை. குமாரவேல் கீழே பார்த்தான்.

ஃப்ளோரா என்ன கேட்பாள் என்று எல்லாருக்கும் தெரியும். என் புருஷனை ஏன் தள்ளி வைத்தீர்கள் என்று கேட்பாள். அதற்கு வரதன் பதிலும் தயாராக வைத்திருந்தார். ஊரைக் கேட்காமல் தாலி கட்டினவனுக்கு ஊர்க் கயிற்றில் என்ன வேலை. நாலு பேர் தலையாட்டும் பதில். நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

"போன வருஷம் பெரியவலை ஆளுங்கள்ல குமாரவேல் பேரு படிக்கல," என்றாள் ஃப்ளோரா. ஆபீசில் கடிதம் படித்துக் காட்டுவதுபோல் நிதானமாகக் கேட்டாள். "அந்தப் பேர எடுக்கணும்னு எந்தத் தேதி பஞ்சாயத்து கூடிச்சு? அத மொதல்ல சொன்னவங்க யாரு?"

வரதன் தயாராக வைத்திருந்த பதில் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

ஃப்ளோராவின் ஆபீசில் ஒரு மேஜையை இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு மாற்றுவதென்றாலும் கூட்டம் போட்டு, யார் சொன்னார், யார் ஆமோதித்தார் என்று எழுத வேண்டும். அதை டைப் அடிப்பவள் அவள். சிப்பிக்குப்பத்திலும் அப்படித்தான். ஒருவனை விலக்குவதென்றால் ஐந்து பேரும் உட்கார்ந்து, பேசி, புத்தகத்தில் எழுத வேண்டும். குமாரவேலே பெருமையாகச் சொன்னதுதான் அது. அப்படியானால் உன் விஷயத்துக்கு எப்போது கூடினார்கள் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டபோது அவன் விழித்தான். கூடியிருப்பார்கள் என்று நினைத்திருந்தான்.

சபையில் முதலில் பேசியது சின்னப்பையன். பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். மெதுவாக என்று அவர்தான் நினைத்தார்.

"நாம எப்பபா கூடினோம்?"

"நான் வர்ல. எனக்கு அப்ப காய்ச்சல். நீ போயிருப்பேன்னு நெனச்சேன்."

"நானும் போவல. நீங்கள்லாம் பேசி முடிச்சுட்டீங்கன்னு இருந்தேன்."

மற்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். ஏழு கேள்வி கேட்டுக் கரையைக் காப்பாற்றினவரின் ஊர். ஒரு ஆளைக் கூட்டமே போடாமல் ஒரு வருஷம் தொலைத்திருக்கிறது. அந்தக் கூச்சம் மெல்ல மெல்ல இருநூறு பேர் முகத்திலும் பரவியது.

வரதன் நாற்காலியிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் உட்காரலாம், உட்கார்ந்தால் பதில் சொல்லவில்லை என்று ஆகும். அவர் ஐயாவின் கோட்டைப் பார்த்தார்.

"கூடல," என்றார்.

குரல் எழும்பவில்லை. அம்மு மைக்கை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் பிடித்தாள்.

"எந்தத் தேதியும் கூடல. யாரும் சொல்லல. லிஸ்ட்டு என் கையில இருந்துச்சு. படிச்சுகினே வந்தேன். அந்தப் பேரு வந்தப்ப எனக்கு வாய் வர்ல. தாண்டிப் படிச்சுட்டேன். யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன். யாரும் கேக்கல."

உட்காரப் போனார்.

"துணைக் கேள்வி," என்றாள் கோவிந்தம்மா.

அவள் எழுந்து நின்றிருந்தாள். மீன் சந்தையில் ஏலத்துக்கு மேலே கேட்கிற குரல் அவளுடையது. இப்போது அதைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனாலும் மைக் தேவைப்படவில்லை.

"ஊரே எம்புள்ளயத் தள்ளிடுச்சு, ஊர மீறி நான் பேசக் கூடாதுன்னு ஒரு வருஷமா அவன்கிட்ட பேசாம குந்தினு கீறேன். தீபாவளிக்கு வந்து வாசல்ல நின்னான், கதவ சாத்தினேன். ஊரு தள்ளவே இல்லன்னா, நான் இன்னாத்துக்குடா சாத்தினேன், வரதா?"

வரதன் அக்காவைப் பார்த்தார்.

"அதுக்கு என்கிட்ட பதில் இல்லக்கா."

"அப்ப நில்லு."

நின்றார். அதுதானே சட்டம். ஒரு அலை வந்து போகும் நேரம், இன்னொரு அலை.

"எம்பொண்ணுக்குன்னு நெனச்சுகினு இருந்தேன்," என்றார் வரதன் கடைசியில். "அவன் நின்னு வளந்ததே என் கயித்துக்குப் பின்னாடி. அவன் வேற பக்கம் போனதும் என்னை வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. அவ்ளோதான்க்கா. வேற ஒண்ணும் இல்ல."

"எனக்கும் ஒரு துணைக் கேள்வி கீது," என்றாள் அம்மு. மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "என்கிட்ட நோட்டீஸ் குடுத்தியா, நைனா?"

"நீ கம்முனு இரு."

"சபையில கம்முனு இருன்னு சொல்லக் கூடாது. குமாரு மாமா வுடற கொறட்ட எங்க தெருவுக்கே கேக்கும். பத்து வயசுலேர்ந்து கேட்டுகினு கீறேன். பக்கத்துல படுத்து வேற கேக்கணுமா நான்?"

"அது மெய்தான்," என்றாள் ஃப்ளோரா.

இப்போது கரையே சிரித்தது. குமாரவேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். வரதனின் மீசை ஒரு பக்கமாக ஆடியது. அவர் அதைக் கையால் அடக்கிக்கொண்டார்.

சிரிப்பு ஓய்ந்ததும் சின்னப்பையன் தொண்டையைச் செருமினார். "நாட்டாரே, அஞ்சு பேரும் இப்ப இங்கதானே கீறோம். இன்னா வேணுமோ இப்பவே பேசி முடிச்சுடலாமே. எடுக்கறதுன்னா எடுத்துடலாம்."

இதை ஃப்ளோரா யோசித்திருக்கவில்லை. எப்போது கூட்டம் போட்டீர்கள் என்று கேட்டவளே கூட்டத்துக்கு வழி காட்டிவிட்டாளோ. ஐந்து பேர், ஐந்து கைகள், இரண்டு நிமிஷம் போதும். குமாரவேல் துண்டை இறக்கி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. வரதனையே பார்த்தாள்.

வரதன் நெடுநேரம் யோசிக்கவில்லை.

"கேள்வி நாள்ல ஆள எடுக்கற பயக்கம் நமக்குக் கெடையாது," என்றார். "ஐயா கேட்டு வாங்கின கரை இது. அதுல வெச்சு யாரையும் தள்ள மாட்டேன். தாண்டிப் படிச்சது என் தப்பு. புக்குல எழுதிக்க, அம்மு."

"எப்டி எழுதணும்?"

"நான் சொன்ன மாதிரியே எழுது."

அவர் உட்கார்ந்தார். இந்த முறை யாரும் துணைக் கேள்வி கேட்கவில்லை.

*

சாயங்காலம் வெயில் சாய்ந்து கட்டுமரங்களின் நிழல் நீண்டபோது வரதன் லிஸ்ட்டை எடுத்தார். பேர் படித்ததும் அந்த ஆள் "கீறேன்" என்று சொல்ல வேண்டும். வடக்குக் கயிறு பதினைந்து பேர் முடிந்தது. தெற்குக் கயிறு ஆரம்பித்தது. ஃப்ளோரா கணவன் பக்கத்தில் நின்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். எட்டு, ஒன்பது, பத்து.

"பொன்னுரங்கம் மவன் குமாரவேல்."

சத்தம் வரவில்லை. ஃப்ளோரா திரும்பிப் பார்த்தாள். அவன் உதடு மட்டும் அசைந்தது. கடலைப் பார்த்து நின்றவன் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. அவள் அவன் முதுகில் கையை வைத்தாள். சொல்லிக் கொடுக்கவில்லை, தள்ளவும் இல்லை. சும்மா வைத்தாள்.

"கீறேன்," என்றான்.

"காதுல வுழல," என்றார் வரதன்.

"கீறேன், மாமா."

வரதன் அடுத்த பேரைப் படித்தார்.

லிஸ்ட் முடிந்து கூட்டம் கலைந்தது. யாரோ தோளில் தட்டினார்கள், யாரோ கட்டிப்பிடித்தார்கள். கூடையை எடுக்க வந்த கோவிந்தம்மா அவர்கள் முன்னால் நின்றாள். மகனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தாள். மூட்டை தூக்கித் தோளில் காய்த்திருந்த இடத்தைக் கையால் தொட்டாள். பிறகு பேச்சை ஃப்ளோராவிடம் திருப்பினாள். அழாமல் பேச அதுதான் சுலபமாக இருந்தது.

"நாளைக்கு விடியகாலம் நாலு மணிக்கு வலை. தண்டையார்பேட்டைலேர்ந்து எந்த பஸ்ஸு வருது அந்நேரம்?"

"ஒண்ணும் வராது, அத்தை."

"அப்ப?"

ஃப்ளோரா சற்று யோசித்தாள். சம்மதம் சொல்வதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது அவள் வழக்கம்.

"நான் காலையில எட்டரைக்கு ஆபீஸ் போவணும். ஞாயித்துக்கெழம ராயபுரம் கோயிலுக்குப் போவேன். அத மட்டும் வுட மாட்டேன்."

"உன்ன யாரு வுடச் சொன்னாங்க? ஞாயித்துக்கெழமன்னா எனக்கும் ராயபுரத்துல மீன் நெறைய விக்கும். ஆறு மணி பஸ்ஸு. நான்தான் மொதல்ல ஏறுவேன், ஜன்னல் சீட்டு எனக்கு."

"மீன் கூடையோடயா?"

"பின்ன இன்னா, பூக்கூடையோடயா?"

"அப்ப ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான், அத்தை," என்றாள் ஃப்ளோரா.

கோவிந்தம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு முன்னால் நடந்தாள். வீடு நாலாவது சந்தில் இருந்தது. ஃப்ளோராவுக்கு வழி தெரியாது. இரண்டு பேரும் அவள் பின்னாலேயே போனார்கள்.